உள்பக்கத்துச் சுவர்

மும்பை காட்கோபரில் மெட்ரோ ஏறி வெர்சோவா பக்கம் போனால், ஜாக்ருதி நகருக்கு அடுத்த நிலையம் அசல்பா. தண்டவாளம் உயரத்தில் ஓடுவதால் குன்றும் அதன்மேல் அடுக்கடுக்காக ஏறிப்போகும் வீடுகளும் ஜன்னல் வழியே முழுசாகத் தெரியும். 2018 ஜனவரியில் அந்த வீடுகளின் வெளிச்சுவர்கள் நிறம் மாறின. தேதீப்யா ரெட்டி தொடங்கிய 'சல் ரங் தே' என்ற அமைப்பு நூற்றுக்கணக்கான தன்னார்வலர்களைத் திரட்டிக்கொண்டு வந்து, வார விடுமுறைகளில் நூற்றுக்கும் மேற்பட்ட சுவர்களுக்கு மஞ்சளும் நீலமும் ஊதாவும் பூசியது. பத்திரிகைகள் இத்தாலியக் கடற்கரை ஊரான பொசிதானோவோடு ஒப்பிட்டு எழுதின. கேமராவோடு ஆட்கள் வந்தார்கள். நல்ல காரியம்தான். தினமும் கடந்து போகிறவர்கள் திரும்பியே பார்க்காத ஒரு குன்றை அது பார்க்க வைத்தது.

ஆனால் அந்தச் சுவர் ஒவ்வொன்றுக்கும் உள்பக்கம் ஒன்று உண்டு. மக்கள் முதுகு சாய்த்து உட்காருவதும், குழந்தை நக்கிப் பார்ப்பதும், சாமி படம் மாட்டுவதும், குக்கர் ஆவி போய் ஒட்டுவதும் அந்தப் பக்கத்தில்தான். அதை அடித்துக்கொடுக்க வெளியிலிருந்து யாரும் வருவதில்லை. வீட்டில் இருக்கிறவர்களே பண்டிகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் பண்டங்களைச் சந்தில் இறக்கிவைத்துவிட்டு, பிரஷ்ஷும் டப்பாவுமாக இறங்குகிறார்கள். ஒரு சின்ன அறையின் உட்புறத்துக்கு நாமே வர்ணம் அடிப்பது சரியா, எந்தச் சுவருக்கு எது ஒத்துவரும், எப்போது அடிக்க வேண்டும், எங்கே கையை வைக்கவே கூடாது என்பதையெல்லாம் ஒருமுறை உட்கார்ந்து யோசிக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

முதலில் அந்த அறையைச் சொல்கிறேன். மும்பைக்காரர்கள் கோலி என்பார்கள். மும்பைத் தமிழர்களான நாமும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். பேச்சு வழக்கில் பத்துக்குப் பத்து. உயரம் ஒன்பது அடி என்று வைத்துக்கொண்டால் உள்ளே இருக்கும் காற்று 900 கன அடி. இதோடு ஒப்பிட ஒன்று உண்டு. வெளிநாடுகளில் பழைய கேரவன் வண்டியை வாங்கி, உட்புறத்தைச் சுரண்டி, தாங்களே பெயின்ட் அடித்து அதிலேயே குடித்தனம் செய்கிறவர்கள் உண்டு. அப்படி ஒரு வண்டியின் உட்புறம் 20 அடி நீளம், ஆறரை அடி அகலம், ஆறரை அடி உயரம் என்று எடுத்துக்கொண்டால் 845 கன அடி வருகிறது. கோலிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. அளவில் மட்டுமல்ல, சுவரிலும் இரண்டும் சொந்தக்காரர்கள். வண்டிக்குள் மெல்லிய பிளைவுட், மேலே வழுவழுப்பான லேமினேட், அதற்குப் பின்னால் உலோகத் தகடு. கோலியில் தகரம், பிளைவுட், சன்மைக்கா, ஓரத்தில் கொஞ்சம் செங்கல். இரண்டு இடத்திலும் மனிதர்கள் அங்கேயே சமைத்து, அங்கேயே துணி காயப்போட்டு, அங்கேயே மூச்சுவிட்டுத் தூங்குகிறார்கள். அவ்வளவு ஈரமும் போக வழியில்லாமல் சுவரில் போய் உட்காருகிறது.

சின்ன அறைக்குப் பெயின்ட் அடிப்பதில் நிறம் கடைசி விஷயம். அந்தச் சுவரில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எப்படி வெளியே போகிறது என்று பார்ப்பதில்தான் வேலையே இருக்கிறது. பெரிய வீட்டில் ஒரு சுவர் பாழானால் அடுத்த அறைக்குப் போய்ப் படுக்கலாம். பத்துக்குப் பத்தில் போக வேறு அறை கிடையாது.

எனக்குப் பழக்கமான ஒரு கோலி காட்கோபர் மேற்கில் குன்றின் சரிவில் இருக்கிறது. பின்சுவர் பாறையை ஒட்டி எழுப்பின செங்கல் சுவர். இடதுபக்கம் பக்கத்து வீட்டோடு பொதுவான சுவர், சிமென்ட் பூச்சு. வலதுபக்கம் தகரம், மும்பையில் பத்ரா என்பார்கள். முன்பக்கம் பாதி செங்கல், பாதி கதவு. மேலே பிளைவுட் போட்டு ஒரு மாலா, அதாவது பரண். பிள்ளைகள் இரண்டும் படுப்பது அங்கேதான். ஒரே அறைக்குள் நான்கு வகைச் சுவர். கடையில் ஒரே டப்பா வாங்கி நாலு பக்கமும் அடித்துவிட்டு, அடுத்த மழையில் "பெயின்ட் சரியில்லை" என்று திட்டுகிறோம். பெயின்ட்டின் மேல் பாதிக் குற்றம்கூட இருக்காது.

பின்சுவரைப் பார்ப்போம், விஷயம் அங்கேதான் ஆழம். மும்பையில் ஜூன் தொடங்கி செப்டம்பர் முடிய சராசரியாக ஏறக்குறைய 2,200 மில்லிமீட்டர் மழை கொட்டும். அதில் ஒரு பங்கு குன்றுக்குள் இறங்கி, பாறை இடுக்கில் நடந்து, பின்சுவரின் முதுகில் வந்து நிற்கிறது. மழை நின்றபிறகும் அது வந்துகொண்டே இருக்கும். செங்கலுக்குள் இருக்கும் உப்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு உள்பக்கம் கசியும். காற்றுப் பட்டதும் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் வெள்ளைப் பஞ்சுபோல் சுவரில் நிற்கும். சுவர் உப்பு பூத்துவிட்டது என்கிறோமே, அது இதுதான். இதைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடியும் கரைந்து உள்ளேயே போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, விழும் தூளை முறத்தில் வாரி வெளியே கொட்ட வேண்டும். பத்து நாள் விட்டு மறுபடி தேய்க்க வேண்டும்.

இந்தச் சுவரில்தான் நானும் ஒருமுறை ஏமாந்தேன். பெயின்ட் கடையில் விசாரித்தபோது, "வாஷபிள் பிளாஸ்டிக் எமல்ஷன் போடுங்க, ஈரம் உள்ளே வராது" என்றார்கள். நம்பி இரண்டு கோட் அடித்தோம். பங்குனியில் பார்க்கக் கண்ணாடிபோல் இருந்தது. ஆடியில் சுவர் முழுக்க அம்மை போட்டதுபோல் கொப்புளம். ஒன்றை விரலால் அழுத்தினேன். உள்ளேயிருந்து தண்ணீர் வழிந்தது. பெயின்ட் உரித்த தோல்போல் மடிந்து கையோடு வந்தது. அப்போது பக்கத்துக் கோலி ஆச்சி வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "சொவரு மூச்சு விடணும் தம்பி. வாயையும் மூக்கையும் நீ பொத்திட்டா அது என்ன செய்யும்?" ஆச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். அறுபது வருஷத்துக்கு முன்னால் கல்யாணமாகி வந்தவர்கள். ஒவ்வொரு தை மாதமும் பின்சுவருக்கு அவர்கள் சுண்ணாம்புதான் அடிக்கிறார்கள்.

ஆச்சி சொன்னதில் வேதியியல் முழுசாக இருக்கிறது. எமல்ஷன் காயும்போது சுவர்மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் ஏடாகப் படிகிறது. வெளியிலிருந்து தெறிக்கும் தண்ணீரை அது தடுக்கும். முதுகுப் பக்கமிருந்து வரும் தண்ணீரை அதனால் தடுக்க முடியாது; தண்ணீர் ஏட்டையே தள்ளிக்கொண்டு வரும். சுண்ணாம்பு அப்படியல்ல. நீற்றின சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. அந்தக் கல்லில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. ஈரம் அதன் வழியே ஆவியாகிப் போகும். தவிர, புதுச் சுண்ணாம்பின் காரம் பூசணத்தைப் பிடிக்கவிடாது. நம் ஊர்களில் வெள்ளையடித்தது அழகுக்கு மட்டும் என்று நினைத்தால் தவறு. சுவருக்கு அது வருஷத்துக்கு ஒரு தடவை செய்கிற வைத்தியம்.

அடிக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்போது பலருக்கும் கை மறந்துவிட்டது. கல் சுண்ணாம்பை வாங்கி, பிளாஸ்டிக் வாளியில் போடாமல் இரும்பு டிரம்மில் தண்ணீரோடு நீற்ற வேண்டும். கொதிக்கும், பிள்ளைகளை அண்டவிடக்கூடாது, கண்ணில் தெறித்தால் பார்வையே போகும், ஆகையால் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று நாள் ஊறட்டும். பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, மோர் பதத்துக்குக் கரைத்து, சுவரை லேசாக நனைத்துவிட்டு அடிக்க வேண்டும். அடிக்கும்போது சுவரில் ஒன்றுமே ஒட்டாததுபோல் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து கெட்டியாகப் பூசினால் காய்ந்ததும் பொரிந்து விழும். மெல்லிசாக மூன்று கோட், நாளுக்கு ஒன்று. வெள்ளை பளிச்சென்று தெரியக் கொஞ்சம் நீலம், ஒட்டிப் பிடிக்கக் கொஞ்சம் வஜ்ஜிரம் சேர்ப்பது வழக்கம். அரிசிக் கஞ்சி ஊற்றுவதும் உண்டு. மும்பை மழைக்குக் கஞ்சி வேண்டாம் என்பது என் கட்சி. மாவு பூசணத்துக்குத் தீனி. சுண்ணாம்பிலும் குறையில்லாமல் இல்லை. சாய்ந்தால் சட்டையில் ஒட்டும், துடைத்துக் கழுவ முடியாது, எமல்ஷனோ எனாமலோ ஏற்கெனவே பூசின சுவரில் பிடிக்கவே பிடிக்காது. பழையதை முழுக்கச் சுரண்டி எடுத்தால்தான் ஆகும்.

சுண்ணாம்பை எமல்ஷன் ஓரங்கட்டின கதைக்கும் இந்த ஊருக்கும் நெருங்கின தொடர்பு. 1942-இல் பம்பாய் கிர்காவில் நான்கு நண்பர்கள் ஒரு கராஜில் தொடங்கின ஏஷியன் பெயின்ட்ஸ், 1950-களில் பெரிய ஆலை போட்டது பாண்டுப்பில். காட்கோபர் மேற்கு வழியாகப் போகும் அதே எல்.பி.எஸ். சாலையில் கொஞ்சம் வடக்கே. ஆர்.கே. லக்ஷ்மண் அவர்களுக்காக வரைந்த குறும்புப் பையன் 'கட்டு', கையில் பிரஷ்ஷோடு தெருவுக்குத் தெரு சுவரில் நின்றான். அவர்களுடைய டிராக்டர் டிஸ்டெம்பர்தான் சுண்ணாம்புக்கும் விலையுயர்ந்த பெயின்ட்டுக்கும் நடுவில் நடுத்தரக் குடும்பங்களுக்கு ஒரு படி போட்டுக் கொடுத்தது. காய்ந்த, நல்ல சிமென்ட் பூச்சுச் சுவருக்கு டிஸ்டெம்பரும் எமல்ஷனும் அருமையான சரக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் சொன்ன கோலியின் இடதுசுவர் அப்படிப்பட்டது. அங்கே எமல்ஷன் ஆறு வருஷம் தாங்கியது. ஈரம் ஏறும் சுவருக்கு அதை விற்பதையும் வாங்குவதையும்தான் நிறுத்த வேண்டும்.

ஈரம் ஏறுகிறதா இல்லையா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. ஒரு அடிக்கு ஒரு அடி பாலித்தீன் தாளை வெட்டி, நாலு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். ஒரு நாள் கழித்துப் பார்த்தால், தாளுக்கும் சுவருக்கும் நடுவில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். அடுப்புப் பக்கம் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் பாதி தீரும்.

பின்சுவரைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் மேலே போகக் கூடாது. சுவரில் புதிதாக விரிசல் ஓடினாலோ, நடுவில் வயிறு தள்ளினாலோ, பட்டி வைத்து மூடி வர்ணம் அடித்துவிடக் கூடாது. 2000 ஜூலை 12-ஆம் தேதி காட்கோபர் ஆசாத் நகரில் குன்று சரிந்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மண்ணுக்குள் போனார்கள். குன்றடி வீட்டில் விரிசல் என்பது குன்று பேசுகிற பேச்சு. விரிசலின் இரு கரையிலும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி, வாரா வாரம் அளந்து பார்க்க வேண்டும். அகன்றால் பெயின்டரையல்ல, மாநகராட்சி வார்டு அலுவலகத்தைத்தான் கூப்பிட வேண்டும்.

பத்ராவுக்கு வருவோம். துத்தநாகம் பூசின புதுத் தகரத்தில் நேராக எண்ணெய் எனாமல் அடித்தால் ஒரு வருஷத்துக்குள் தகடு தகடாக உதிரும். எனாமலில் இருக்கும் எண்ணெயின் அமிலமும் துத்தநாகமும் சேர்ந்து தகரத்துக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் ஒரு சோப்புப் படலம் உண்டாகிவிடும். சோப்பின்மேல் எது நிற்கும்? அதற்கென்று விற்கிற எட்ச் பிரைமரை ஒரு கோட் கொடுத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். துருப்பிடித்த பழைய தகரமென்றால் கம்பிப் பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, ரெட் ஆக்ஸைடு பிரைமர். மார்கழி விடியலில் பத்ரா வேர்ப்பதைக் கோலியில் வளர்ந்தவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். உள்ளே ஐந்து பேர் மூச்சு, வெளியே குளிர். தகரத்தின் உள்முகத்தில் தண்ணீர் கோடு கோடாக இறங்கி மெத்தையை நனைக்கும். பெயின்ட் அதை நிறுத்தாது. தகரத்துக்கு உள்ளே ஒரு அங்குலம் இடைவெளி விட்டு பிளைவுட்டோ சிமென்ட் போர்டோ அடித்து, அதற்கு வர்ணம் பூசினால் நிற்கும். கேரவன் வண்டியில் செய்திருப்பதும் இதே ஏற்பாடுதான், நடுவில் வெப்பம் தடுக்கும் பஞ்சோ தெர்மோகோலோ வைத்து.

தகரச் சுவரில் கை வைப்பதற்கு முன்னால் மீட்டர் மெயினை அணைக்க வேண்டும். பழைய ஒயர் எங்காவது உரிந்து தகரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். நனைந்த துணியோடு துடைக்கிறவர் கையில் அது தெரியவரும்.

மாலாவின் பிளைவுட்டுக்கும் அலமாரி சன்மைக்காவுக்கும் வேலை சுலபம், ஆனால் பொறுமை வேண்டும். சமையலறைப் பக்கத்துச் சன்மைக்காவில் எண்ணெய்ப் பிசுக்கு ஏடாகப் படிந்திருக்கும். சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் இரண்டு முறை கழுவி, நல்ல தண்ணீரில் துடைத்து, ஒரு நாள் காயவிட்டு, 180 அல்லது 220 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்க்க வேண்டும். சொரசொரப்பாக்கினாலே போதும். பிறகு வழுவழுப்பான பரப்பில் ஒட்டுவதற்கென்று வரும் பிரைமர், அதற்குமேல் மெல்லிசாக இரண்டு கோட். கேரவன்காரர்கள் ஊர் ஊராக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதும் இதுதான்: தேய்க்காமல் அடித்தது நகத்தால் கீறினாலே உரியும். காய்ந்ததுபோல் தெரிந்தாலும் ஒரு வாரம் அதன்மேல் பாத்திரம் அடுக்கக் கூடாது. அடி ஒட்டிக்கொண்டு பெயின்ட்டோடு வரும்.

பழைய கோலிகளில் தரையிலிருந்து நாலடி உயரத்துக்குப் பச்சையோ பழுப்போ எனாமல் அடித்து, அதற்குமேல் சுண்ணாம்பு விட்டிருப்பார்கள். முதுகு சாயும் இடத்துக்குக் கழுவக்கூடிய பெயின்ட், மேலே மூச்சுவிடும் பூச்சு. நல்ல யோசனை. ஆனால் அந்தப் பச்சையிலும் மஞ்சளிலும் சிவப்பிலும் ஈயம் இருந்திருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்குமேல் இருக்கக் கூடாது என்று இந்திய அரசு 2016-இல் விதி கொண்டுவந்தது. 2017 நவம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்த எனாமல் எல்லாவற்றையும் ஈயம் உள்ளதாகவே வைத்துக்கொண்டு நடப்பது உத்தமம். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே பழைய எனாமலைக் காய்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது, நெருப்புக் காட்டி உரிக்கவும் கூடாது. தண்ணீர் தெளித்து, ஈர உப்புத்தாளால் தேய்த்து, கீழே விரித்த பிளாஸ்டிக் தாளோடு கழிவைச் சுருட்டிக் கட்டிப் போட வேண்டும். அன்றைக்குப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. உறுதியாக ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய எனாமலைச் சுரண்டாமல், லேசாக ஈரத்தில் தேய்த்து மேலே புதுசு அடிப்பதே பல வீடுகளில் புத்திசாலித்தனம்.

சிமென்ட் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் இதே எச்சரிக்கை, இன்னும் கடுமையாக. அதை உள்பக்கம் தேய்க்கவோ, காய்ந்த பிரஷ்ஷால் பெருக்கவோ வேண்டாம். கிளம்பும் நார் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. நனைத்துவிட்டு மெதுவாகத் துணியால் ஒற்றி, நேராகப் பெயின்ட் அடித்துவிடலாம்.

காற்றைப் பற்றிய கணக்கு ஒன்றையும் பார்ப்போம். 900 கன அடி என்பது ஏறக்குறைய 25 கன மீட்டர். ஒரு லிட்டர் எண்ணெய் எனாமலில் கால் கிலோவுக்குக் குறையாமல் கரைப்பான் இருக்கிறது. காயும்போது அவ்வளவும் ஆவியாகும். கதவைச் சாத்திவிட்டால் கன மீட்டருக்குப் பத்து கிராம். தலை சுற்றும், வாந்தி வரும், ஆஸ்துமா உள்ளவருக்கு இழுக்கும். முகத்தில் கட்டும் கைக்குட்டையும் என்-95 முகமூடியும் தூசியைத்தான் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. கியாஸ் அடுப்போ சாமி விளக்கோ எரியும் அறையில் தின்னர் டப்பாவைத் திறப்பது நெருப்போடு விளையாடுவது. பூசணம் போக்க பிளீச்சிங் பவுடர் கரைசல் தடவுகிறவர்கள் அதே நாளில் கக்கூஸ் கழுவும் ஆசிட்டை எடுக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. அடித்த அன்று ராத்திரி யாரும் உள்ளே படுக்கக் கூடாது என்பது கட்டாயம்.

ஆனால் எங்கே போய்ப் படுப்பது? ஒற்றை அறை வீட்டில் பெயின்ட் அடிப்பதன் உண்மையான தலைவலி இதுதான். குன்றில் இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. இந்த ஞாயிறு நம் வீட்டுக்காரர்கள் மைனி வீட்டில் சாப்பிட்டுப் படுத்துக்கொள்வார்கள், அடுத்த ஞாயிறு மைனி வீட்டுக்காரர்கள் இங்கே. ஏணியும் ரோலரும்கூட வீடு வீடாகப் போகும். இந்தக் கைமாற்று இல்லையென்றால் பாதி வீடுகளில் வர்ணமே ஏறாது. அதற்கும் வழியில்லாதவர்கள் அறையைக் குறுக்கே பாதியாகப் பிரித்து, சாமானையெல்லாம் ஒரு பக்கம் தள்ளி, தண்ணீரில் கரையும் பெயின்ட்டை மட்டும் காலையில் அடித்து மாலைக்குள் காயவைக்கலாம். எனாமல் வேண்டாம்.

எப்போது அடிப்பது? மும்பையில் கணபதி வருகிறது என்று ஆவணியில் அடிப்பவர்கள் அதிகம். அதுவோ மழை இன்னும் ஓயாத சமயம். சுவரும் காயாது, பெயின்ட்டும் காயாது. தீபாவளி பரவாயில்லை, ஆனால் மழை விட்டு ஒரு மாதம்தான் ஆகியிருக்கும். பின்சுவர் இன்னும் குடித்த தண்ணீரைக் கக்கிக்கொண்டிருக்கும். நம்முடைய போகிதான் மும்பைக்குக் கச்சிதமான நாள். அக்டோபரில் மழை போய் முழுசாக மூன்று மாதம் காய்ந்த சுவர், வறண்ட காற்று, சுட்டெரிக்காத வெயில். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் வெள்ளையடிக்க நம் ஊரில் வந்த வழக்கம், வேறு மழை பெய்யும் இந்த ஊரில் இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தை பிறக்கப் புதுச்சுவர் வாசம் அடிப்பதைப் பழக்கம் என்று மட்டும் நினைத்திருந்தேன். ஈரத்தின் கணக்கைப் பார்த்தபின்தான் அதன் நியாயம் புரிந்தது.

பெயின்டரைக் கூப்பிடலாமா, நாமே அடிக்கலாமா என்று கேட்டால் என் பதில் இரண்டாகப் பிரியும். விரிசல், ஒழுக்கு, கூரை ஓட்டை இதற்கெல்லாம் கொத்தனார் வர வேண்டும். உயரத்தில் நின்று செய்யும் வேலைக்கும் பழக்கப்பட்டவர் வேண்டும். மற்றபடி பத்துக்குப் பத்து நம் கைக்கு அடங்கின அளவு. சுற்றளவு 40 அடி, உயரம் 9. 360 சதுர அடியில் கதவும் அலமாரியும் போக 330. மேலே 100. ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்குச் சுமார் 120 சதுர அடி வரும் என்றால் 4 லிட்டர் போதும். அடிக்கும் நேரம் ஒரு பகல். சுரண்டவும் தேய்க்கவும் பட்டி பார்க்கவும் காயவும் ஒரு வாரம். தினக்கூலிக்கு நாக்காவில், அதாவது தெருச் சந்திப்பில், நிற்கும் தொழிலாளியை அந்த ஒரு வாரக் காத்திருப்புக்கு வைத்துக்கொள்ள நமக்குக் கட்டாது, அவருக்கும் கட்டாது. அதனால் அவர் ஈரத்தின்மேலேயே அடித்துவிட்டுப் போக நேர்கிறது. காத்திருப்பது வீட்டுக்காரருக்குக் காசில்லாமல் முடிகிற வேலை. நாமே அடிப்பதில் பெரிய லாபம் அதுதான். இன்னொன்று, எந்த மூலையில் மழை வந்தால் முதலில் கறுக்கும் என்று அந்த வீட்டுப் பெண்களுக்குத் தெரிவதுபோல் எந்தப் பெயின்டருக்கும் தெரியாது.

நிறத்துக்கு இப்போதுதான் வருகிறேன். ஜன்னல் ஒன்றுதான், அதுவும் எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துத் திறக்கும் என்றால், கூரையும் மேல்சுவரும் வெள்ளையாக இருக்க வேண்டும். நல்ல வெள்ளை, விழும் ஒளியில் ஐந்தில் நாலு பங்கைத் திருப்பித் தரும். கரும்பச்சையும் அடர் நீலமும் பெரும்பாலும் விழுங்கிவிடும். பகலில் குழல்விளக்கு போடாமல் பிள்ளை பாடம் படிக்க முடிகிறதா என்பது இதில் இருக்கிறது. பிடித்த நிறத்தைக் கதவுக்கும் ஒரு சின்னச் சுவருக்கும் கொடுக்கலாம், மனசுக்கும் வேண்டியிருக்கிறதே. வெளிச்சத்தையும் காற்றையும் நான் இப்படி வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. கோவண்டி, மான்கூர்த் பக்கத்து மறுகுடியமர்வுக் கட்டடங்களில் 'டாக்டர்ஸ் ஃபார் யூ' அமைப்பினர் நடத்தின ஆய்வு, வெளிச்சமும் காற்றும் புகாத கீழ்த்தள வீடுகளில் காசநோய் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. சிமென்ட் கட்டடம் என்பதாலேயே வீடு ஆரோக்கியமாகிவிடாது.

இந்த எச்சரிக்கை காட்கோபருக்கு இப்போது அவசரமானது. கிழக்கே நெடுஞ்சாலை ஓரம் இருக்கும் மாதா ரமாபாய் அம்பேத்கர் நகரும், நம் தலைவர் பெயரைத் தாங்கின காமராஜ் நகரும் மறுகட்டுமானத் திட்டத்துக்குள் வந்துவிட்டன. குடிசை மாற்றுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் வீடு முதலில் 225 சதுர அடியாக இருந்தது, பிறகு 269 ஆகி, இப்போது 300. இடிக்கப் போகிற வீட்டுக்கு எதற்குப் பெயின்ட் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். திட்டம் அறிவித்த நாளுக்கும் சாவி கைக்கு வரும் நாளுக்கும் நடுவில் ஒரு குழந்தை பிறந்து பள்ளிக்கூடம் போய்விடும். அந்தக் குழந்தை மூச்சுவிடுவது இந்தச் சுவருக்குள்தான். வாடகைக்கு இருப்பவர்களுக்கும் அதே பதில்தான். பதினோரு மாத ஒப்பந்தமானாலும் ஒரு மழைக்காலம் அதற்குள் கட்டாயம் வரும்.

புது வீட்டுக்குப் போனவர்கள் பழைய பாடத்தை விட்டுவிட்டுப் போகக் கூடாது. கட்டி முடித்த சிமென்ட் பூச்சு ஒரு மாதமாவது காய வேண்டும், அதன் காரம் அடங்க வேண்டும். அதற்குமுன் அடித்தால் எந்தப் பெயின்ட்டும் திட்டுத் திட்டாக வெளிறும். பாத்ரூம் சுவரின் மறுபக்கம்தான் பெரும்பாலும் படுக்கை விரிக்கும் இடம். குழாய் கசிந்தால் பின்சுவர்ப் பிரச்சினை ஏழாவது மாடியிலும் வரும்.

ஆச்சியின் மகள் குடும்பம் அப்படி ஒரு கட்டடத்துக்குப் போன வருஷம் குடிபோனது. பால் காய்ச்சின மறுநாள் மருமகன் ரோஜா நிறத்தில் எமல்ஷன் டப்பாவோடு வந்து நின்றார். ஆச்சி டப்பாவைத் திறக்கவிடவில்லை. அரிசிப் பையிலிருந்து பாலித்தீனைக் கத்தரித்து பாத்ரூம் சுவரின் மறுபக்கத்தில் நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டினார்கள். மறுநாள் காலை தாளைக் கையால் தடவிப் பார்த்தார்கள். உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர்.

"பிளம்பரைக் கூப்பிடுங்க மாப்ளே. டப்பா தை வரைக்கும் கட்டிலுக்கு அடியிலயே கெடக்கட்டும்."